பானுக்குப் போகும் சீனர்

ஹனோவரில் ஏறிய ரயிலில் எங்களுக்கு எதிரே ஒரு சீனர் இருக்கிறார். உணவகத்தில் சமையல் வேலை. மடியில் ஆங்கிலக் கேள்வி பதில் புத்தகம். பெண்சாதியும் பிள்ளையும் கனடாவில். அங்கே போக விசா வேண்டும்; நாளை பான் நகரில், கனடாத் தூதரகத்தில், அவரை ஆங்கிலத்தில் விசாரிப்பார்களாம். உடைந்த ஜெர்மனில் சொல்கிறார்.

என்னோடு வரும் யோகன் அண்ணைக்கு ஆங்கிலம் தெரியும். எனக்கு அரைகுறை. அண்ணை புத்தகத்தை வாங்கி முதலிலிருந்து கேட்கிறார். சீனர் ஒன்றையும் விடாமல் பதில் சொல்கிறார். பிறகு அண்ணை நடுப்பக்கத்தைத் திறந்து, பெண்சாதி எங்கே என்று கேட்கிறார். சீனர் தன் பெயரைச் சொல்கிறார்.

"வரிசையாப் பாடமாக்கியிருக்கிறார். அங்கை வரிசையாக் கேக்கமாட்டாங்கள்," என்று அண்ணை என்னிடம் சொல்கிறார். அதையே ஜெர்மனில் சீனருக்கும் சொல்கிறார். "திரும்பக் கேளுங்கள்," என்கிறார் சீனர்.

கொலோன் வருகிறது. நான் பையை எடுக்கிறேன்.

"அண்ணை, இறங்கேல்லையோ? எங்கட டிக்கெட் கொலோன் மட்டும்தான்."

"தெரியும். நீ இரு. பெண்சாதியைக் கேட்டால் மனுசன் இன்னும் பேரைத்தான் சொல்லுது."

ரயில் புறப்படுகிறது. அண்ணை அடுத்த கேள்வியைக் கேட்கிறார்.