குவைத் விமானத்தில் மாமா படுத்துப் பார்த்த இருக்கை

"நாலு மணி நேரப் பயணத்துக்கு பிசினஸ் கிளாஸ் தேவையா?" இந்த வலைப்பூவில் எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். இருக்கை எப்படி, சாப்பாடு எப்படி, எந்த வரிசையில் சத்தம் குறைவு என்றெல்லாம் பல தடவை எழுதியாயிற்று. ஆனால் நான் முதன்முதலில் அந்த வகுப்பில் போன பயணத்தைப் பற்றி மட்டும் எழுதாமலே இருந்தேன். போன வாரம் ஒரு வாசகி, குவைத்தில் கால் முறிந்து கிடக்கும் தன் அண்ணனை ஹைதராபாத்துக்கு எப்படி அழைத்து வருவது என்று கேட்டிருந்தார். அவருக்காகத்தான் இது. வேறு யாருக்காவது பயன்பட்டாலும் சரி.

1986 நவம்பர். நாங்கள் ஹைதராபாத் குஷாய்குடாவில் ஆலைக் குடியிருப்பில் இருந்தோம். என் கணவர் சேகர் அங்கே அரசு எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் டெக்னீஷியன். ஆலை செய்த தகவல் தொடர்புக் கருவிகளைப் பொருத்திக் கொடுக்க அவரைக் குவைத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே ஆன்டெனா கோபுரத்திலிருந்து விழுந்துவிட்டார். வலது தொடை எலும்பும் இடுப்பும் முறிந்துவிட்டன, உயிருக்குப் பயமில்லை, வீட்டார் வந்தால் நல்லது என்று ஆலைக்கு டெலக்ஸ் வந்தது. பர்சனல் ஆபீசர் அதை என்னிடம் இரண்டு முறை படித்துக் காட்டினார். 'உயிருக்குப் பயமில்லை' என்ற இடத்தில் மட்டும் குரலை உயர்த்தினார். எனக்கு அங்கேதான் பயம் வந்தது.

என்னிடமும் மாமனாரிடமும் பாஸ்போர்ட் இருந்தது. முந்தைய வருஷம் சேகர்தான் எடுத்து வைத்திருந்தார், எங்களை ஒருமுறை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகும் ஆசையில். விசா குவைத் விமான நிலையத்திலேயே தயாராக இருக்கும் என்றார்கள். டிக்கெட்தான் இழுத்தது. வேலைக்குப் போகிறவர்கள் கூட்டத்தில் பின்பக்க இருக்கைகள் எல்லாம் நிரம்பிவிட்டன. முன்னால் பிசினஸ் கிளாஸில் இரண்டு மட்டும் காலி. எங்கள் ஆலையில் யார் எந்த வகுப்பில் போகலாம் என்பதை கிரேடுதான் தீர்மானிக்கும். சேகரின் கிரேடுக்கு ரயிலிலேயே முதல் வகுப்பு கிடையாது. கடைசியில் ஜெனரல் மேனேஜரே விசேஷ அனுமதி கொடுத்தார். டிக்கெட் விலை என்ன என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

விடிந்ததும் ஆலை ஜீப் வந்தது. மல்காஜ்கிரியில் மாமாவை, அதாவது என் மாமனாரை, ஏற்றிக்கொண்டு பேகம்பேட் விமான நிலையம் போக வேண்டும், எல்லாம் சேர்த்துப் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். டிரைவர் யாதகிரி வழியெல்லாம், "பயபடொத்தம்மா, சேகர் சாருக்கு ஏமி காது" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். ஒன்றும் ஆகாது என்று யாராவது திரும்பத் திரும்பச் சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். அன்றைக்கு வரவில்லை.

மாமா வாசலிலேயே நின்றிருந்தார். பூர்வீகம் அரக்கோணம் என்றாலும் பிறந்ததிலிருந்து செகந்திராபாத்தில்தான். லாலாகுடா ரயில்வே பணிமனையில் பெட்டிகளுக்கு இருக்கை தைக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்பாஞ்சும் ரெக்சினும்தான் அவர் வாழ்க்கை. ஓய்வுக்குப் பிறகும் சட்டைப் பையிலிருந்து இஞ்ச் டேப் போகவில்லை. கையில் ஒரு ரெக்சின் பை, பையோடு சேர்த்து ஒரு சங்கிலியும் பூட்டும்.

"சங்கிலி எதுக்கு மாமா?" என்றேன்.

"பெரிய ஊரும்மா. எவன் எதைத் தூக்கினு போவான்னு தெரியாது."

பம்பாய் வரை ஒன்றேகால் மணி நேரம். உள்நாட்டு முனையத்திலிருந்து வெளிநாட்டு முனையத்துக்கு டாக்சியில் போக வேண்டும். அப்போதெல்லாம் இணைப்பு விமானத்துக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி விட்டுக்கொள்வது நல்லது. எங்களுக்கு மூன்றுதான் இருந்தது, ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தோம்.

விமானத்துக்குள் நுழைந்ததும், பம்பாய் வரை பின்பக்கம் உட்கார்ந்து வந்த பழக்கத்தில் கால்கள் தானாகப் பின்னால் நடந்தன. பணிப்பெண் தடுத்து, திரைக்கு முன்னாலேயே உட்கார வைத்தாள். நீலத் துணி போட்ட அகல இருக்கை. உட்கார்ந்ததும் பழச்சாறு வந்தது, சூடான ஈரத்துண்டு வந்தது. துண்டை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்திருந்தேன். மாமா குனிந்து ரெக்சின் பையை இருக்கைக் காலோடு சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு நிமிர்ந்தார். ரயிலில் அப்படித்தானே பழக்கம். பணிப்பெண் சிரிக்காமல், "அங்கிள், டேக் ஆஃப்புக்கு இதை மேலே வைக்கணும்" என்று ஹிந்தியில் சொன்னாள். "ஹவ் ஹவ், ஆமாம்மா, ரூல்னா ரூல்தான்" என்று உடனே திறந்து கொடுத்தார்.

மேலே போன பிறகுதான் எனக்குக் கோபம் ஏறத் தொடங்கியது. மாமாவின் கை சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் இருந்த குமிழை அழுத்தி இருக்கையைச் சாய்ப்பார், நிமிர்த்துவார், மறுபடி சாய்ப்பார். ஸ்பாஞ்சை உள்ளங்கையால் அமுக்கிப் பார்ப்பார். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் இருந்த கைப்பிடியைத் தூக்குவார், இறக்குவார். சாப்பாடு வந்தது. வெள்ளைத் துணி விரித்து, பீங்கான் தட்டில் புலாவும் பன்னீரும் வைத்தார்கள். நான் தட்டைத் தொடவில்லை. அவர் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

"மாமா, கம்முனு உக்காருங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாத்தா பாக்கட்டும்மா. நீ சாப்பிடு. அங்க போயி நிக்கறதுக்குத் தெம்பு வேணும்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்கினேனோ என்னவோ, கண் திறந்தபோது பக்கத்து இருக்கை காலி. முதல் வரிசையில், யாரோ கடைசி நேரத்தில் வராமல் போனதால் காலியாகக் கிடந்த நடு இருக்கையில் மாமா படுத்திருந்தார். முழுக்கச் சாய்த்து, ரெக்சின் பையைத் தரையில் நிறுத்தி அதன் மேல் வலது காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு. பணிப்பெண் அவர் பக்கத்தில் மண்டியிட்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். மகன் எலும்பு முறிந்து கிடக்கிறான், இந்த மனிதருக்குச் சொகுசு கேட்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் திரும்பி வந்து உட்கார்ந்தபோது நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இறங்கும்வரை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

குவைத்தில் இறங்கியபோது அங்கே நல்ல வெயில். சேகர் கருவி பொருத்திக்கொண்டிருந்த குவைத் நிறுவனத்தின் ஆள், எங்கள் பெயர் எழுதிய அட்டையோடு நின்றிருந்தார். விசா கையில் கிடைக்க முக்கால் மணி நேரமானது. அங்கிருந்து நேராக மருத்துவமனை.

சேகர் விழித்திருந்தார். வலது கால் இடுப்பு வரை மாவுக்கட்டு. என்னைப் பார்த்து, "எதுக்குக் கலா இவ்ளோ தூரம்?" என்றார். நான் அழுதேன். அழுது முடிக்கும்வரை மாமா காத்திருந்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு அதிகாரி ரிப்போர்ட் கொடுப்பதுபோல ஆரம்பித்தார்.

"டாக்டர் இன்னும் ரெண்டு வாரம்னு சொன்னாராமே. படுக்க வெச்சு கூட்டினு போறதுக்கு வழி பாத்துட்டேன். ஃபிளைட்ல மொதல் வரிசை நடு சீட்டு. நானே படுத்துப் பாத்தேன். நீ என்னவிட நாலு இஞ்ச் உயரம், அதையும் சேத்துதான் அளந்தேன். மத்த வரிசைல கைப்பிடி மேல தூக்கும், அங்க தூக்காது. ஆனா முன்னால சீட்டே இல்ல. ரெண்டு பேர் முன்பக்கமா நின்னு தூக்கி வெச்சிடலாம். காலுக்கு அடில என் பை சரியா வருது. ஸ்பாஞ்சு கொஞ்சம் கெட்டி. இடுப்புக்கு அதான் நல்லது."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

சேகர் சிரித்தார். சிரித்தால் வலித்தது, இருந்தும் சிரித்தார். "பிசினஸ் கிளாஸா? நக்கோப்பா, வேணாம். என் கிரேடுக்கு எவன் கையெழுத்து போடுவான்?"

"மூணு சீட்டுன்னு சொல்லிட்டேன். போடுவாங்க. நீ வாயை மூடினு படு."

உண்மையிலேயே சொல்லியிருந்தார். விசாவுக்குக் காத்திருந்தபோதே நிறுவனத்தின் ஆளைப் பிடித்து, இரண்டு வாரம் கழித்து முதல் வரிசையில் மூன்று இருக்கைகளுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டார், அவரும் செய்துவிட்டார். அடுத்த நான்கு நாளும் அப்பாவும் பிள்ளையும் இதையேதான் பேசினார்கள். பேகம்பேட்டில் படிக்கட்டில் எப்படி இறக்குவது, ஜீப்பின் பின் இருக்கையைக் கழற்ற முடியுமா, யாதகிரியிடம் யார் சொல்வது. அவர்கள் இருவரும் அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஐந்தாம் நாள் காலை சேகர் போய்விட்டார். காலிலிருந்து கிளம்பிய ரத்தக்கட்டி நுரையீரலில் அடைத்துவிட்டது என்றார் டாக்டர். பெரிய எலும்பு முறிந்தால் சிலருக்கு அப்படி ஆகும், யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார். நான் அதை நம்பினேன். நம்பாமல் எப்படி மீதி வாழ்க்கையை வாழ்வது?

தூதரகத்து வேலைகள் முடிய மூன்று நாள். நிறுவனத்தின் ஆள் மூன்று டிக்கெட்டுகளுக்கும் சேர்த்தே தேதி மாற்றியிருந்தார். மறதியா, வேண்டுமென்றே செய்தாரா என்று நான் கேட்கவில்லை. சேகர் கீழே, சரக்கு அறையில் வந்தார். மேலே முதல் வரிசையில் எனக்கும் மாமாவுக்கும் நடுவில் அவர் இருக்கை காலியாக இருந்தது.

விமானம் கிளம்பும்வரை மாமா அசையவில்லை. பெல்ட் விளக்கு அணைந்ததும் கையை நீட்டி, காலி இருக்கையின் குமிழை அழுத்தி முழுக்கச் சாய்த்தார். பையை முன்னால் தரையில் நிறுத்தினார், அவர் அளந்து வைத்த அதே இடத்தில். தோளில் இருந்த துண்டை இருக்கை மேல் விரித்துவிட்டு, தன் இருக்கையை நிமிர்த்தியபடியே பம்பாய் வரை உட்கார்ந்திருந்தார். பணிப்பெண் இரண்டு தட்டு கொண்டு வந்தாள். நான் சாப்பிட்டேன். அவர் தொடவில்லை.

இறங்கப் போகிறோம் என்று அறிவித்ததும் துண்டை எடுத்து மடித்து, இருக்கையை அவரே நிமிர்த்தி வைத்தார். அப்போதுதான் அழுதார்.

இனி, கேட்ட வாசகிக்கு. பாஸ்போர்ட், மருத்துவ அறிக்கை இரண்டுக்கும் நாலு நாலு நகல் கையில் இருக்கட்டும். பயணம் செய்யலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு மட்டும் தேதி குறியுங்கள். ரத்தக்கட்டி வராமலிருக்க இப்போது மருந்து உண்டு, வாய்விட்டுக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். போகும்போது கொடுப்பதைச் சாப்பிடுங்கள். இப்போது பம்பாயில் மாற வேண்டாம், நேராக ஹைதராபாத்திலேயே வந்து இறங்கலாம். இருக்கைகளும் மாறிவிட்டன, பலவற்றில் கட்டில் போலவே படுக்கலாம். இருந்தாலும் முதல் வரிசையைக் கேட்டு வாங்குங்கள்.

அண்ணனை அழைத்து வரப் போகும்போதே அந்த இருக்கையில் நீங்கள் ஒருமுறை காலை நீட்டிப் படுத்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும்.