உடையாத கைக்கு மாவுக்கட்டு

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு எலும்பில் கீறல் விட்டுவிட்டது. ஆழ்வார்பேட்டையில் ஏ.சி. போட்ட ஆஸ்பத்திரி. கட்டுப் போட்ட பையன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, யாருடனோ பேசிக்கொண்டே என் கையைச் சுற்றினான். கட்டு நீல நிறம். "வேற கலர் வேணுமா சார்?" என்று கேட்டான். ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது. தி.நகரில் மூன்று பாத்திரக்கடை வைத்திருப்பவன் நான். பள்ளிக்கூடத்தை நாலாம் வகுப்போடு விட்டவன். மிச்சத் தமிழைக் கடைப் பலகைகளிலும் பழைய பேப்பரிலும் நானே கற்றுக்கொண்டேன். என் கையைப் பிடிப்பவன் என் முகத்தைப் பார்க்க வேண்டாமா? என் தாத்தா பார்ப்பார்.

தாத்தா என்றால் அம்மாவின் அப்பா. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மாவுக்கட்டு போடும் அறையில் வேலை. அவர் நகக்கண்களில் எப்போதும் வெள்ளை அப்பியிருக்கும். சோறு பிசையும்போதும் போகாது. சின்ன வயதிலேயே கப்பலேறி ரங்கூன் போனவர். அங்கே ஆஸ்பத்திரி கூட்டிப் பெருக்கி, கட்டுப் போடக் கற்று, குடும்பமாகி, வந்தேறிகள் எல்லாம் கிளம்பு என்று அந்த நாடு சொன்னபோது, மகளையும் மகனையும் கைக்குழந்தையான என்னையும் கூட்டிக்கொண்டு மறுபடி கப்பலேறினார். என் அப்பா அதற்கு முன்பே அங்கேயே செத்துப்போயிருந்தார். ரங்கூனில் தாத்தாவை இந்தியாக்காரன் என்று ஏசினார்களாம். இங்கே அடையாற்றங்கரைக் குடிசை வரிசையில் அவர் பர்மாக்காரன். எவனுக்காவது கை பிசகிவிட்டால் மட்டும் 'பெரியவரே'. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது மாமா, அதாவது தாத்தாவின் மகன், தி.நகரில் ஒரு பாத்திரக்கடையில் எனக்கு வேலை பேசிவிட்டு வந்தார்.

"இஸ்கூல்ல ஒரு வேளதான் சோறு. கடைல மூணு வேள. தீவாளிக்குத் துணி வேற. இன்னாடா, போறியா?"

நான் அப்போதே கிளம்பத் தயார். அம்மா அபிராமபுரத்து வீடுகளில் வேலை செய்துவிட்டுக் கொண்டுவரும் மிச்சம்தான் எங்கள் ராச்சாப்பாடு. மூன்று வேளை என்று கேட்டதுமே எச்சில் ஊறியது. தாத்தா நகக்கண் வெள்ளையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் என்னை அழைத்துப்போக வருவதற்கு முதல் நாள், மத்தியானம், தாத்தா ஒரு துணிமூட்டையோடு வந்தார். ஆஸ்பத்திரிப் பஞ்சைக்கூட வீட்டுக்கு எடுத்து வராத மனுஷன். மூட்டையைப் பிரித்தால் மாவு தடவிய துணிச்சுருள்கள்.

"வலது கைய நீட்டு."

"எனக்குத்தான் ஒண்ணும் ஆவலையே தாத்தா!"

"நீட்டுடா."

விளையாட்டு என்று நினைத்து நீட்டினேன். நனைத்த சுருள் விரல் கணுவிலிருந்து முழங்கைக்கு மேல்வரை ஏறியது. ஒவ்வொரு சுற்றுக்கும் என் முகத்தைப் பார்த்தார். மாவு இறுகும்போது சூடு கிளம்பும். அது தெரியாமல் நான் அலறினேன். "சுடும். அப்புறம் ஆறிடும்" என்றார். அம்மா பழைய புடவையைக் கிழித்து என் கழுத்தில் தூளி கட்டினாள். அவளும் உடந்தை!

மறுநாள் கடைக்காரர் வந்தார். தெற்கத்திக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி.

"என்னவே இது? நல்ல பையன்னுல்லா சொன்னீரு?" என்று மாமாவைக் கேட்டார்.

ராத்திரி வெளியே தங்கிவிட்டு அண்ணாச்சியோடுதான் வந்திருந்த மாமா திருதிருவென்று விழித்தார். "நேத்து காலைல கூட நல்லாதான் இருந்தான் அண்ணாச்சி. இன்னா நைனா இது?"

"கொய்யா மரத்துலேருந்து விழுந்துட்டான். ஒன்றரை மாசம் கைய அசைக்கக் கூடாது" என்றார் தாத்தா.

"நம்ம தெருவுல ஏது தாத்தா கொய்யா மரம்?" என்று ஆரம்பித்தேன். அவர் என் தோளைப் பிடித்த பிடியில் வாய் தானாக மூடிக்கொண்டது.

"ஒத்தக் கைய வச்சி இவன் எங்க அண்டா தூக்க? நாளைக்கு வேற பையனப் பாத்துக்கிடுதேன்" என்று அண்ணாச்சி போய்விட்டார். என் மூன்று வேளைச் சோறும் அவர் பின்னாலேயே போனது.

தாத்தா வேலைக்குக் கிளம்பிய பிறகு மாமா வந்து கட்டின்மேல் முட்டியால் தட்டினார். "வலிக்குதா?"

"உடைஞ்சாதானே வலிக்கும்?"

"பாத்தியா கெழவன் வேலைய! உன் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டாரு. நாளைக்குக் காலைல போய் நின்னா அண்ணாச்சி சேத்துப்பாரு."

"நீயே உடைச்சி வுடு மாமா."

"நான் உடைச்சா நைனா என்னிய உடைச்சிடுவாரு. நீயே பாத்துக்க."

குழாயடிக்குப் போனேன். கையை வாளியில் ஊறப்போட்டுத் துவைக்கிற கல்லில் அடித்தேன். "இன்னாடா, கையையா தோய்க்கிற?" என்று தண்ணீருக்கு நின்ற பெண்கள் சிரித்தார்கள். கிழவர் சுற்றுக்குமேல் சுற்றாகப் போட்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் அவரைத் திட்டிக்கொண்டே உடைத்தேன்.

கடையில் மூன்று வேளைச் சோறு பொய்யில்லை. ஆனால் பொதிந்து வந்த வைக்கோலைப் பிரித்து, பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்த கையால் ரசஞ்சோறு பிசைந்து பாருங்கள், தெரியும். தாத்தா செத்த செய்தி வந்த அன்று தீபாவளி வியாபாரம். கடை சாத்திய பிறகுதான் விட்டார்கள். நான் போனபோது சுடுகாட்டில் நெருப்பே அடங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் அம்மா சொன்னாள்: தாத்தாவை ரங்கூனுக்குக் கூட்டிப்போனவனும் மூன்று வேளைச் சோறு என்றுதான் சொன்னானாம். அப்போது அவருக்கும் ஒன்பது வயதுதானாம்.

இதை அந்த மனுஷன் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? அத்தனை மாவுக்குப் பதில் ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே! போன வருஷம் வியாபாரிகள் விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, 'ஒன்பது வயதில் உழைக்க வந்த சிங்கம்' என்றார்கள். ஒன்பது வயதில் எந்தச் சிங்கமய்யா அண்டா தேய்க்கும்? மூன்று கடையும் என் சொந்தக் கையால் எழுப்பியவை, எவனும் தூக்கிக் கொடுத்ததில்லை. அதிலெல்லாம் குறையில்லை. கோபம் மட்டும் போகவில்லை.

கட்டை உடைத்த அன்று சாயங்காலம் தாத்தா வந்தார். குழாயடியிலிருந்து வாசல்வரை வெள்ளைத் துண்டுகள். குனிந்து பொறுக்கி வேட்டி மடியில் போட்டுக்கொண்டே வந்தார். அடிப்பார் என்று கையைப் பின்னால் ஒளித்தேன். இழுத்து நீட்டினார். தோளிலிருந்து மணிக்கட்டுவரை கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்குப் பார்ப்பதுபோல. என் முகத்தையும் பார்த்தார்.

"இன்னும் சேரலடா" என்றார். "அவசரப்பட்டுப் பிரிச்சிட்ட."

உடையாத எலும்பு எப்படிச் சேரும்? கிழவருக்கு மூளை குழம்பிவிட்டது என்று மாமாவைப் பார்த்துச் சிரித்தேன். மாமாவும் சிரித்தார். விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு, மாமாவுக்கு முன்னால் நானே விறுவிறுவென்று நடந்தேன்.