பியூலா உட்காரும் பக்கம்

ராஜபாளையத்தில் தென்காசி சாலையோரம் கடை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் எட்வினிடம் வண்டியை விட்டால் வேலை சுத்தமாக இருக்கும், பேச்சுத்தான் இருக்காது. என்ன கோளாறு என்று கேட்டால் கருகிய ஒயரைத் தூக்கிக் காட்டுவார். எப்போது கிடைக்கும் என்றால் இரண்டு விரலைக் காட்டுவார். அது இரண்டு மணி நேரமா, இரண்டு நாளா என்பதைக் கண்டுபிடிப்பது வண்டிக்காரர் சாமர்த்தியம். "வாயில என்னலே, கொழுக்கட்டையா?" என்று பக்கத்துப் பட்டறை பெயிண்டர் தங்கப்பாண்டியன் இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கும் பதில் கிடையாது.

இரண்டு குற்றங்களுக்கு மட்டும் எட்வினுக்கு வாய் திறக்கும். எர்த் ஒயர் வெறும் தகட்டைத் தொட்டால்தான் கரண்ட் ஓடும்; அந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டாமல் ஒயரை முடுக்கியவனைத் திட்டுவார். கதவைச் சரியாகச் சாத்தாமல் உள்விளக்கை விடிய விடிய எரியவிட்டு, "பேட்டரி போயிருச்சுண்ணே" என்று வந்து நிற்கிறவனை அதைவிட அதிகமாகத் திட்டுவார்.

அவர் மனைவி பியூலா மம்சாபுரத்துக்காரி. துபாயில் நர்ஸ். மூன்று வருஷம் என்று சொல்லிப் போனவள், மகள் பிளஸ்ஸியின் படிப்பு, வீடு என்று பதினோரு வருஷமாக அங்கேயே இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, ஒப்பந்தம் முடிகிற நேரத்தில், போனில் கேட்பாள்: "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்லுதாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"உன் இஷ்டம்," என்பார் எட்வின்.

அது பெருந்தன்மை என்று அவருக்கு நினைப்பு. உழைக்கிற மனுஷியை நம் தனிமைக்காக இழுத்துப் பிடிக்கக் கூடாது என்று தானே ஒரு நியாயம் வைத்திருந்தார். போனை வைத்த பிறகு அந்த நியாயம் துணைக்கு வந்து உட்காராது. ஞாயிறு ஆராதனையில் பக்கத்தில் மனைவியோடு நிற்கிற ஆண்களைப் பார்த்தால் அவருக்குப் பொறாமையாகவே இருந்தது.

இந்த வருஷம் பிளஸ்ஸி கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பியூலா அங்கே இருக்க இனி ஒரு காரணமும் இல்லை. இந்த முறை விடுப்பில் வரும் அவளிடம், விமான நிலையத்திலிருந்து திரும்புகிற வழியில் "போகாதே" என்று சொல்லிவிடுவது என எட்வின் முடிவு செய்தார். சொல் வராதவருக்கு வேலை வரும் அல்லவா, முதலில் காரில் ஆரம்பித்தார்.

கல்யாணமான மறுவருஷம் செகண்ட்ஹேண்டில் வாங்கிய பிரீமியர் பத்மினி அது. முன் சீட் பலகை மாதிரி இருக்கும், தலை சாய்க்க இடமே கிடையாது. நோயாளிகளைத் தூக்கித் தூக்கி பியூலாவுக்கு இடுப்புவலி. அதனால் மதுரையில் பழைய சாமான் கடைகளில் அலைந்து, புதுக் கார் ஒன்றின் முன் சீட்டுகள் இரண்டை வாங்கி வந்தார். நாற்பது வருஷ வண்டிக்கு அந்த சீட் பொருந்துமா? தரையில் துளைகள் ஒன்றுகூட ஒத்துவரவில்லை. பட்டை இரும்பு வைத்து வெல்டிங் அடித்துப் புதுத் துளை போட்டார். அதோடு தரைத்தகடு, பாடி எல்லாவற்றுக்கும் தங்கப்பாண்டியன் க்ரீம் கலர் அடித்துக் கொடுத்தார். அந்த நிறத்தை வீடியோ காலில் பியூலாவே தேர்ந்தெடுத்திருந்தாள்.

பிறகு விளக்கு. பழைய வண்டியில் கூரையில் ஒரே ஒரு மங்கல் பல்புதான். கைப்பையில் எதையாவது துழாவாமல் பியூலாவால் பத்து மைல் போக முடியாது என்பது எட்வினுக்குத் தெரியும். சீட்டுகளுக்கு அடியில் ஒவ்வொன்று, அவள் மடியில் வெளிச்சம் விழுகிற மாதிரி கதவை ஒட்டிய தூணில் ஒன்று என மூன்று சின்ன விளக்குகள் வைத்தார். கதவைத் திறந்தால் மூன்றும் எரிய வேண்டும். கூரை விளக்கின் ஒயரிலிருந்து கரண்டை எடுத்து, சீட் முன்னும் பின்னும் நகரும்போது நசுங்காதபடி ஓரமாகக் கொண்டுவந்தார். எர்த்தை சீட் போல்ட்டில் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி.

பெயிண்டைச் சுரண்ட உப்புத்தாளை எடுத்தவருக்குக் கை ஓடவில்லை. அவள் தேர்ந்தெடுத்த நிறம் கண்ணாடியாக மின்னியது. தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, பெயிண்டின் மேலேயே போல்ட்டை முடுக்கினார். மரை உரசிய இடத்தில் கொஞ்சம் எர்த் கிடைத்து விளக்குகள் எரிந்தன. போதும் என்று விட்டுவிட்டார். ஊருக்குத்தானே உபதேசம்!

பொழுது சாய்கிற நேரத்தில் மதுரையில் பியூலா இறங்கினாள். எட்வின் போய் அவள் பக்கத்துக் கதவை ஒரு மாப்பிள்ளை மிடுக்கோடு திறந்தார். உள்ளே இருட்டு. சாத்தித் திறந்தார், அப்போதும் இருட்டுத்தான். வருகிற வழியில் குலுங்கிய குலுக்கலில் அந்தக் கொஞ்ச எர்த்தும் போயிருந்தது.

"சீட்டு சுகமா இருக்குங்க," என்று பியூலா சாய்ந்துகொண்டாள். அவருக்கு அது காதில் ஏறவில்லை. விளக்கோடு சேர்ந்து, சொல்ல வைத்திருந்த சொல்லும் அணைந்துபோனது. கல்லுப்பட்டி தாண்டியும் வாய் திறக்கவில்லை.

கிருஷ்ணன்கோவிலில் டீ குடிக்க நிறுத்தினார்கள். மாத்திரை தேடிக் குனிந்தவள் சீட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

"லைட்டெல்லாம் போட்டிருக்கீங்க! எரியலையே, எர்த் வரலையோ?"

"ம்."

"பெயிண்டைச் சுரண்டலையா?"

"மனசு வரல."

பியூலா சிரித்துவிட்டாள். "ஊரையெல்லாம் எம்புட்டு ஏசுவீங்க! ஸ்பேனரை எடுங்க, நான் டார்ச் அடிக்கேன்."

செல்போன் வெளிச்சத்தில் போல்ட்டைக் கழற்றி, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு பெயிண்டைத் தேய்த்தார். தகடு பளிச்சென்று தெரிந்தது. ஒயரை வைத்து முடுக்கியதும் மூன்று விளக்கும் எரிந்தன. அந்த வெளிச்சத்தில் அவள் வகிட்டின் நரையையும், கழுவிக் கழுவி வெடித்த விரல்களையும் எட்வின் பார்த்தார்.

"ஏட்டி பியூலா, திரும்பப் போகாத. நீ இல்லாம என்னால ஏலல."

அவள் செல்போன் டார்ச்சை அணைத்தாள்.

"போன மாசமே கையெழுத்துப் போட்டுட்டேன்ங்க. ரெண்டு வருஷத்துக்கு. போடுறதுக்கு முன்னாடி உங்ககிட்டக் கேட்டேன்லா? என்ன சொன்னீங்க?"

என்ன சொன்னார் என்பது அவருக்குத் தெரியும்.

"ஒவ்வொரு தடவையும் இந்த ஒரு சொல்லுக்குத்தான் கேட்டேன். நான் வந்தாலும் ஒண்ணு, வராட்டாலும் ஒண்ணுன்னு இருக்கீங்கன்னுல்லா நெனச்சேன்!"

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். விளக்குகள் அணைந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்போது அவள் கை, கியரை விட்டிறங்கிய அவர் கையைப் பிடித்துக்கொண்டது. ராஜபாளையம் வரை விடவில்லை.

முப்பது நாள் விடுப்பு முடிந்து போய்விட்டாள். இப்போது எட்வின் தினமும் போனில் "எப்ப வருவ?" என்கிறார்; அவள் மாதக் கணக்குச் சொல்கிறாள். அவள் தன் வசதிக்குத் தள்ளி வைத்த சீட்டை அவர் ஒரு விரற்கடைகூட நகர்த்தவில்லை. சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வார். அந்தக் காலி சீட்டின் மேல் வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கும்.

ஒருநாள் காலையில் கார் கிளம்பவில்லை. தள்ள வந்த தங்கப்பாண்டியனுக்கு நம்பவே முடியவில்லை.

"ஏலே, உன் வண்டியிலயா பேட்டரி போச்சு? ராத்திரி கதவைச் சாத்தலையா?"

"சாத்த மனசு வரலலே," என்றார் எட்வின்.

தங்கப்பாண்டியன் பின்னால் போய்த் தள்ளினார்.