செயின் லாக்

பெயர் தெரியாத பொருளைக் கடையில் கேட்கப் பலருக்கும் கூச்சமாக இருக்கும். எனக்குப் பெயர் தெரிந்திருந்தது. கையில் மாதிரியும் இருந்தது. அப்படியும் நான் செய்துவிட்டு வந்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சூடாகிறது.

அப்போது மூலக்குளத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா லாரி ஓட்டினார். லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வர நாலைந்து நாளாகும். அம்மா டவுனில், கடற்கரைக்கு இரண்டு தெரு முன்னால் இருந்த ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை பார்த்தாள். காலை ஆறு மணிக்கு அங்கே அடுப்பைப் பற்றவைத்தாக வேண்டும். அந்த நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் கிடையாது. ஒரு பழைய லேடீஸ் சைக்கிளில்தான் போய்வந்தாள். அதைப் பச்சை நிறம் என்று நாங்களாகச் சொல்லிக்கொண்டோம்.

கெஸ்ட் ஹவுஸில் தங்குகிறவர்களில் பாதிப் பேர் பிரான்ஸிலிருந்து வருகிறவர்கள். அம்மாவுக்குத் தெரிந்த பிரெஞ்சு நாலைந்து சொற்கள்தான். அவர்கள் கேட்பது புரியாவிட்டால் அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து, "இதா? இதா?" என்று அவர்கள் தலையாட்டும்வரை காட்டுவாளாம். வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டிச் சிரிப்பாள். அந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் அவள் வெட்கப்பட்டதில்லை. நான் அப்போது ஆறாம் வகுப்பு. இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறி எட்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு எல்லாவற்றுக்கும் வெட்கமாக இருந்தது.

அன்று மாசி மகம். எங்களுக்கு லீவு, அம்மாவுக்கு இல்லை. சாயங்காலம் வேலை முடிந்து ரெட்டியார்பாளையத்தைத் தாண்டும்போது சைக்கிள் செயின் கழன்று விழுந்துவிட்டது. வீடுவரை தள்ளிக்கொண்டே வந்தாள். சைக்கிள் வேலை அவளுக்கு ஓரளவு தெரியும். வாசலில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். செயின் நன்றாகத்தான் இருந்தது. அதன் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடிக்கிற குட்டித் துண்டு மட்டும் உடைந்திருந்தது. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய தகடு, அதில் இரண்டு முளை, மேலே மாட்டுகிற ஒரு கிளிப். கிளிப் எங்கோ தெறித்துப் போயிருக்க, வளைந்த தகடு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் தெருமுனை சைக்கிள் கடைக்காரர் குடும்பத்தோடு கடற்கரைக்குத் தீர்த்தவாரி பார்க்கப் போய்விட்டார். வில்லியனூர் ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த பெரிய சைக்கிள் கடை மட்டும் திறந்திருக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். அம்மாவின் கையெல்லாம் கிரீஸ். உள்ளே அடுப்பில் சோறு, பாயில் என் தம்பி. அந்த உடைந்த தகட்டைப் பேப்பரில் சுருட்டி என்னிடம் கொடுத்தாள்.

"செயின் லாக்கு ஒண்ணு வேணும்னு கேளு பாப்பா. லாக்குன்னா அவங்க வேற எதையாவது எடுப்பாங்க. இத காட்டி, இதே மாரின்னு சொல்லு. இருட்டறதுக்குள்ள வந்துடு."

சில்லறை இல்லாததால் நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தாள்.

கடைக்குள் ஏசி குளிர்ந்தது. சுவர் முழுக்கச் சைக்கிள்கள் மாட்டியிருந்தன. தரை பளபளவென்று இருந்ததால் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். கடையின் பெயர் போட்ட டி-ஷர்ட் அணிந்த ஓர் அண்ணன் வந்து, "என்னம்மா வேணும்?" என்றார்.

"செயின் லாக்."

"நம்பர் லாக்கா, சாவி போடுறதா?"

அவர் கேட்டது சக்கரத்தில் கோத்துப் பூட்டுகிற சங்கிலிப் பூட்டை. அதற்கும் செயின் லாக் என்றுதான் பெயர் என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது. இதைத்தான் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். நான் செய்ய வேண்டியதெல்லாம் உள்ளங்கையை விரிப்பது ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரும் பெண். அவளுக்குப் பிறந்தநாளாம். அவளுடைய அப்பா பக்கத்தில் நிற்க, கடைக்குள் சிவப்புக் கியர் சைக்கிள் ஒன்றுக்குக் கூடை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நீயும் சைக்கிள் வாங்க வந்தியா?" என்றாள்.

"இல்ல. என்கிட்ட இருக்கு. லாக்கு வாங்க வந்தேன்."

"கியர் சைக்கிளா?"

"ஆமா."

பேப்பரைத் தாண்டிக் கிரீஸ் என் விரலில் ஒட்டியிருந்தது. கையைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டேன். கடைக்கார அண்ணன் நீல ரப்பர் உறை போட்ட ஒரு பூட்டை மேசைமேல் வைத்து, மூன்று எண்ணைத் திருப்பித் திறப்பது எப்படி என்று காட்டினார். அது இல்லை என்று எனக்குத் தெரியும். பூட்டை அவர் பையில் போடும்போதும் தெரியும். கியர் சைக்கிள் வைத்திருப்பவள் எந்தப் பூட்டை வாங்குவாளோ அதைத்தான் வாங்கினேன். நூறு ரூபாயில் மிஞ்சியது பஸ்ஸுக்குக்கூடப் போதாது.

வெளியே வந்ததும் பேப்பர் சுருளைச் சாக்கடையில் போட்டேன். பாவாடையில் துடைக்க முடியாத கிரீஸைச் சுவரில் தேய்த்தேன். வீட்டுக்குப் போவதற்குள் என்ன சொல்வது என்று யோசித்து வைத்துக்கொண்டேன்.

அம்மா பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னாடி இது? மாதிரிய காட்டலியா?"

"காட்டினேம்மா. அவங்கதான் இதான்னு குடுத்தாங்க."

அம்மாவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. என்மேல் இல்லை, கடைமேல். "சின்னப் புள்ள போனா எதையாவது தலையில கட்டிடுவாங்களா?" என்று தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவியும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. வேண்டாம்மா, நாளைக்குப் போகலாம்மா என்று வழி நெடுக இழுத்துப் பார்த்தேன். காலையில் சைக்கிள் இல்லாவிட்டால் முடியாது என்று அவள் வேகமாக நடந்தாள். அந்தப் பெண்ணும் அவளுடைய அப்பாவும் இன்னும் போயிருக்க மாட்டார்களோ என்று மட்டும் பயந்தேன்.

அவர்கள் போகவில்லை. சிவப்புச் சைக்கிள் கடை வாசலில் தயாராக நின்றது. என் வகுப்புப் பெண் சீட்டில் உட்கார்ந்து மணியடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா நேராக மேசைக்குப் போனாள். "மாதிரி காட்டியும் ஏங்க இத குடுத்தீங்க? நான் கேட்டனுப்பினது செயின்ல போடுற லாக்கு."

அந்த அண்ணன் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாதிரியா? பாப்பா எதுவும் காட்டலீங்களே. செயின் லாக்குன்னுச்சு. நம்பர் லாக்க எடுத்துக் காட்டினேன், சரின்னுச்சு."

"காட்டினேன்னு சொல்றாளே."

"இல்லீங்க. கியர் சைக்கிளுக்குன்னு அந்தப் பாப்பாகிட்ட சொல்லிட்டு இருந்துச்சு. நானும் அதுக்குத்தான்னு நெனச்சேன்."

வாசலில் மணிச் சத்தம் நின்றது. அந்தப் பெண்ணும் அவளுடைய அப்பாவும் உள்ளே பார்த்தார்கள். அம்மா திரும்பி அந்தச் சிவப்புச் சைக்கிளைப் பார்த்தாள். அதன்மேல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பளபளத்த தரையில் அம்மாவின் கால் நிழல் அசையாமல் தெரிந்தது. கடையில் இருந்த எல்லாரும் அவள் என்னை அறையப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அம்மா சிரித்தாள்.

"என் தப்புதாங்க. நான்தான் அவகிட்ட ஒழுங்கா சொல்லியனுப்பல. லாக்குன்னா புள்ள இதத்தான வாங்கும்? மாதிரி குடுத்தேன்னு வேற நெனச்சிட்டு இருக்கேன் பாருங்க, அது வீட்லயே கெடக்கும்."

பாக்கெட்டைப் பிரித்துவிட்டதால் பூட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். அம்மா வற்புறுத்தவில்லை. அவள் கேட்ட துண்டும் அங்கே தனியாக இல்லை. முழுச் செயினாகத்தான் வைத்திருந்தார்கள்.

"பின்னாடித் தெருவுல ஒரு மெக்கானிக் இருக்காருங்க. அவர்கிட்ட கெடைக்கும். இன்னைக்கி ஆறு மணிக்கே பூட்டிட்டாரு," என்றார் அந்த அண்ணன். பிறகு நல்ல மனசோடு என்னிடம், "நீ அப்பவே இதுன்னு சொல்லியிருந்தா நானே அனுப்பிச்சிருப்பேனே பாப்பா," என்றார்.

வாசலைத் தாண்டும்போது அம்மா அந்தப் பெண்ணிடம், "சைக்கிளு நல்லாருக்கு," என்றாள். அந்தப் பெண், "தேங்க்ஸ் ஆன்ட்டி," என்றாள். என் பக்கம் திரும்பாமல் மணியை அடித்தாள்.

திரும்பி வரும்போது ரோட்டில் தீர்த்தவாரி முடிந்து வந்த வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அம்மா என்னை ஓரத்துப் பக்கம் விட்டு நடந்தாள். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. அதைப் பொறுக்க முடியாமல் நான் ஒன்று சொன்னேன். என் வாழ்நாளில் நான் சொன்னவற்றில் எதையாவது திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றால் அதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

"நீ ஒழுங்கா சொல்லியிருந்தா நான் ஒழுங்கா வாங்கியிருப்பேன்ல?"

அம்மா தம்பியை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆமா பாப்பா," என்றாள்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. மாதிரி கொடுத்ததை அம்மா மறந்தே போய்விட்டாள், தவறு தன்னுடையதுதான் என்று நிஜமாகவே நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். அன்று சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

காலையில் விழித்தபோது அம்மா இல்லை. சைக்கிள் வாசலில் கவிழ்ந்தபடியே இருந்தது. நாலரை மணிக்கே கிளம்பி டவுன்வரை நடந்திருக்கிறாள். அப்படியும் நேரத்துக்குப் போய்ச்சேர முடியவில்லை. சென்னையில் விமானம் பிடிக்க வேண்டிய ஒரு வயதான தம்பதி காபிகூடக் குடிக்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்கள். இதை அம்மா என்னிடம் சொல்லவில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"கெஸ்ட் ஹவுஸ் மேடம் ஒண்ணும் கேக்கலக்கா. மூஞ்சியத்தான் திருப்பிக்கினாங்க. அந்தக் கெழவிக்கி முட்டை எப்படி வேணும்னு மொத நாளே கேட்டு வச்சிருந்தேன். அதான் மனசு ஒரு மாரியா இருக்கு."

அதற்குள் மெக்கானிக்கிடம் வாங்கி வந்த துண்டைப் போட்டு, செயினை மாட்டி, பெடலைக் கையால் சுற்றிப் பார்த்தாள். நீலப் பூட்டையும் வீணாக்கவில்லை. திருடன் ஏறெடுத்தும் பார்க்காத அந்தச் சைக்கிளில் நம்பர் பூட்டு பல வருடம் தொங்கியது.

அதற்குப் பிறகு அம்மா என்னைக் கடைக்கு அனுப்பும்போதெல்லாம் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தாள். அவள் படித்தது அஞ்சாம் வகுப்பு. காலண்டர் தாளின் பின்பக்கத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு, பொருளின் பெயரையும் அளவையும் எழுதுவாள். சில சமயம் பக்கத்தில் அதைப் படமாகவும் போடுவாள். எழுதியது வெளியே தெரியாமல் நாலாக மடித்து என் கையில் வைப்பாள். கடையில் நான் வாயைத் திறக்கவே வேண்டாம், சீட்டை நீட்டினால் போதும். யார் பக்கத்தில் நின்றாலும் கவலையில்லை.

ஒழுங்காகச் சொல்ல அம்மா ஒருவழியாகக் கற்றுக்கொண்டாள் என்றுதான் நான் அப்போது நினைத்தேன். அவளுடைய எழுத்துப் பிழைகளைச் சிவப்புப் பேனாவால் திருத்தியும் கொடுத்தேன்.