சால்வைக்காரருக்குக் கண் வைத்த கதை

நான் ஆறாவது படித்த வருஷம் எங்கள் பொம்மைப் பட்டறையில் வங்காளிகள் வந்து நிறைந்துவிட்டார்கள். அதுவரை பிள்ளையாரும் செட்டியார் பொம்மையுமாக ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு, கல்கத்தா வியாபாரி ஒருவர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு ஆர்டர் கொடுத்திருந்தார். அங்கே பள்ளிக்கூடங்களில் பரிசாகக் கொடுக்க, அந்த ஊர்ப் பெரியவர்களின் பீங்கான் சிலைகள் வேண்டுமாம். பெயர்கள் யார் வாயிலும் நுழையவில்லை. தாடிக்காரர், தலைப்பாகைக்காரர், சால்வைக்காரர் என்று பட்டறையே பெயர் வைத்துக்கொண்டது. விருத்தாசலத்து வெயிலில் அத்தனை பேரும் வரிசையாகக் காய்ந்தார்கள்.

வர்ணம் பூசுவது அத்தை. அப்பாவின் தங்கை. கல்யாணமான மறுவருஷமே மாமா பஸ் விபத்தில் போய்விட, எங்களோடு வந்து இருந்தாள். தலைமுடி, சால்வைக் கரை, உதடு எல்லாம் அவள் கைதான். கண் மட்டும் கூடாது. பொம்மைக்குக் கண் திறப்பது சுமங்கலி வேலை என்பது எங்கள் பட்டறை வழக்கம். அத்தை முடித்து நகர்த்தி வைத்ததை எல்லாம், சோறு வடித்துவிட்டு அம்மா வந்து உட்கார்ந்து கண் வரைவாள். "கல்கத்தாக்காரனுக்கெல்லாம் நாந்தான் முழி வெக்கணுமாக்கும்" என்று புலம்பிக்கொண்டே வரைவாள்.

பட்டறையில் அச்சுக்குள் களிமண் குழம்பு ஊற்றுகிறவர் ஒருவர் இருந்தார். கம்மாபுரத்துக்காரர், மனைவியை இழந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி கட்டி, தன் அக்காவையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அத்தையைப் பெண் கேட்டார். அப்பா மரியாதையாகத்தான் பேசினார். டீ கூடக் கொடுக்கச் சொன்னார். "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குதுங்க. நாளைக்கு அதுங்கள யாரு கேட்டு வருவாங்க?" என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு ஒரே பெருமை. இப்போதே என் கல்யாணத்தைப் பற்றி அப்பா யோசிக்கிறாரே! அடுப்படியில் அத்தை டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின டம்ளரையே மறுபடி கழுவினாள்.

மறுநாள் முதல் அவர் வேலைக்கு வரவில்லை. அத்தை வந்தாள். சால்வைக்குக் கரை போட்டாள்.

அந்த வாரம்தான் ஸ்கூலில் டீச்சர் வங்காளத்துச் சீர்திருத்தக்காரர்களைப் பற்றிப் பாடம் எடுத்தார். புத்தகத்துப் படத்தில் நம்ம ஆள்! பையைக்கூட இறக்காமல் பட்டறைக்கு ஓடினேன்.

"அத்தை, நம்ம சால்வைக்காரரு இருக்காருல்ல, புருஷன் செத்துப்போனவங்களுக்குத் திரும்பக் கல்யாணம் பண்ணலாம்னு சட்டமே வர வச்சாராம்! பெரிய பெரிய ஆளுங்களோடல்லாம் சண்ட போட்டாராம்!"

அம்மா பிரஷ்ஷை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா, "பெரிய மனுஷன்" என்று சொல்லி, கையிலிருந்த சால்வைக்காரரை வைக்கோல் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

"எந்த ஊர்ல?" என்றாள் அத்தை.

"கல்கத்தால."

"அதான பாத்தேன்" என்று அடுத்த பொம்மையை எடுத்தாள்.

அப்பா சொன்ன அந்த ரெண்டு பெண்களுக்கும் பின்னால் கல்யாணம் ஆனது. கேட்டு வந்தவர்கள் நகையைப் பற்றிக் கேட்டார்கள், படிப்பைப் பற்றிக் கேட்டார்கள். அத்தையைப் பற்றி ஒரு ஜனம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நினைத்தால் எனக்குக் கோபம்கூட வருவதில்லை இப்போது, அலுப்புதான் வருகிறது.

அந்த வருஷம் பெட்டிகள் ரயிலேறிய பிறகு, தோள் உடைந்த சால்வைக்காரர் ஒருத்தர் மிஞ்சினார். உடைந்ததற்கு எதற்கு என்று அம்மா கண் வைக்கவில்லை. அத்தை அவரைத் தன் டிரங்குப் பெட்டி மேல் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். எனக்குப் பாவமாக இருந்தது, அத்தைக்கா அவருக்கா என்று தெரியவில்லை. சின்னப் பெண் வைத்தால் குற்றமில்லை என்று நானே முடிவு செய்து, அம்மாவின் பிரஷ்ஷை எடுத்துப் போய் ரெண்டு கண்ணும் பெரிதாக வரைந்தேன்.

அத்தை வந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மெச்சுவாள் என்று நான் பக்கத்திலேயே நின்றேன்.

"இப்பப் பாத்து என்ன பண்ணப்போறாரு, குட்டி" என்று சொல்லி, அவரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

இடது கண் கொஞ்சம் கோணிப்போயிருந்தது எனக்கே தெரியும். அதனால்தான் என்று நினைத்து, "காயறதுக்குள்ள தொடச்சுட்டு வேற வரையட்டா அத்தை?" என்று கேட்டேன்.