இதுதான் கடைசி ஊசி

நாய் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்கள் நாயிடம் கடி வாங்குவது குறைவு. நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் வாங்குவதுதான் அதிகம். தர்மபுரியில் ஒரு தனியார் கிளினிக்கில் பன்னிரண்டு வருடமாக நான் கவுண்டரில் இருக்கிறேன். ஊசி போடுவது டாக்டர். அட்டை எழுதுவது, தேதி சொல்வது, தேதி வந்ததும் போன் போட்டு ஞாபகப்படுத்துவது, அதற்குத் திட்டு வாங்குவது எல்லாம் நான். ஏதாவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, சொன்னதையே நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் சகபாவிகளே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி. பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, நாலு மாதம் ஆகும்வரை. வெறிநோய் ஊசியும் அதில் சேர்த்தி. அதோடு முடிந்ததா என்றால் இல்லை, ஒரு வருடம் கழித்து பூஸ்டர். அதற்கப்புறம் சில ஊசிகளுக்கு டாக்டர் பார்த்து இடைவெளி விடுவார். வெறிநோய் ஊசி மட்டும் எங்களிடம் வருடா வருடம். இவ்வளவுதான் விஷயம். இதைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல்தான் இத்தனை வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

பளபள அட்டை

அதியமான்கோட்டையில் ஹைவே ஓரமாக ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் ஒருவர். கடைக் காவலுக்கு ஒரு நாட்டு நாய். குட்டியாக இருந்தபோது முதல் ஊசி போட்டுக்கொண்டு போனவர், நாலு வருடம் கழித்து, தன் நாயைத் தெருநாய் ஒன்று துரத்தியது என்று பயந்துபோய் வந்தார். அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். பையிலிருந்து பெருமையாக எடுத்து நீட்டினார். முதல் ஊசி போட்ட அன்றைக்கே அதை லேமினேட் செய்துவிட்டார். வாங்கிய அன்று இருந்த புதுசு மாறாமல், கீழே ஒன்பது கட்டங்கள் காலியாக, அட்டை பளபளவென்று இருந்தது.

பேனாவால் எழுதிப் பார்த்தேன், வழுக்கியது. மார்க்கரால் எழுதினேன், கையோடு வந்துவிட்டது. நாலு வருடமாக ஏன் வரவில்லை என்று கொஞ்சம் கடுப்பாகவே கேட்டேன். மனுஷர் நிஜமாகவே யோசித்துவிட்டுச் சொன்னார்: "அட்டையில எழுதவே முடியாம போச்சுன்னா, ஊசி போதும்னு தானுங்களே அர்த்தம்?"

பூஸ்டர்

ஒரு டீச்சரம்மாவுக்குப் போன் செய்து, நாயைப் பூஸ்டருக்குக் கூட்டி வரச் சொன்னேன். நாய் நன்றாகச் சாப்பிடுகிறது, எடையும் ஏறியிருக்கிறது, அதற்கு எதற்குச் சத்து மருந்து என்று கேட்டார். பூஸ்டர் என்றால் டானிக் என்று நினைத்திருக்கிறார். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. என்ன ஏது என்று விளக்கியிருந்தால் வந்திருப்பார். அவர் குரல் மாறிவிட்டது. "சிரிக்கிறீங்க இல்ல, நீங்களே குடிச்சுக்கோங்க" என்று போனை வைத்துவிட்டார்.

சாமை அறுப்பு

தேதி தவறாமல் வருகிறவர் என்று யாருமே இல்லையா என்றால், ஒருவர் இருக்கிறார். வத்தல்மலையில் சாமையும் கேழ்வரகும் பயிரிடும் விவசாயி. மலையிலிருந்து மூட்டை ஏற்றி வரும் வண்டியில், மூட்டைகளுக்கு நடுவே நாயையும் உட்கார வைத்துக் கொண்டுவந்துவிடுவார். ஏழு வருடத்தில் ஒரு தடவைகூட நான் போன் போட்டதில்லை. போட்டாலும் அங்கே டவர் கிடைக்காது.

எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். முதல் வருடம் டாக்டரே அவரை உட்கார வைத்து, நாய் உயிரோடு இருக்கிற வரைக்கும் வருடம் ஒருதரம் வரணும் என்று சொன்னாராம். அட்டையைப் பார்த்தேன், டாக்டர் கையெழுத்து. அன்றைக்கு நான் லீவு. அவர் சொன்னார்: "தேதியெல்லாம் நமக்குத் தெரியாதுங்கம்மா. சாமை அறுத்தா நாய்க்கு ஊசி."

கடைசி ஊசி

இதைத்தான் சொல்ல வந்தேன். சொல்ல மனசு வராமல்தான் இத்தனை நேரம் அங்கே இங்கே சுற்றிக்கொண்டிருந்தேன்.

செல்வி இண்டூர் பக்கம் சாமந்தி பயிரிடும் குடும்பத்துப் பெண். மகள் தர்ஷினிக்கு அப்போது ஆறு வயது. பூக்கூடையில் துணி விரித்து ஒரு செவலை நிற நாய்க்குட்டியைக் கொண்டுவருவார்கள். பேர் பிஸ்கட். மூன்று முறையும் சொன்ன தேதிக்குச் சரியாக வந்தார்கள். மூன்றாவது ஊசி போட்டபோது பிஸ்கட் கத்தியது; தர்ஷினி அதைவிடச் சத்தமாக அழுதாள். சமாதானப்படுத்தத்தான் சொன்னேன், "அழாத பாப்பா, இதுதான் கடைசி ஊசி" என்று. குட்டிப் பருவத்துக்குக் கடைசி என்பது என் மனசில் இருந்தது. அடுத்த வருடத் தேதியை அட்டையின் அடியில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். செல்விக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தத் தேதி வந்தபோது ஒரே ஒரு தடவை போன் செய்தேன். ஸ்விட்ச் ஆஃப். நோட்டில் டிக் அடித்துவிட்டேன்.

மூன்று வருடம் கழித்து ஒரு காலையில் ஆட்டோவில் வந்தார்கள். பிஸ்கட் ரெண்டு நாளாகச் சாப்பிடவில்லை. எச்சில் ஒழுகியது, குரைக்கும் குரலே மாறியிருந்தது. பூந்தோட்டத்தில் எப்போதோ தெருநாயோடு சண்டை போட்டதாம். தண்ணீர் வைக்கப் போன தர்ஷினியின் மணிக்கட்டைக் கடித்துவிட்டது. டாக்டர் தூரத்தில் நின்று பார்த்ததுமே வெறிநோய் என்று சந்தேகப்பட்டு யாரையும் கிட்டே விடவில்லை. நான் தர்ஷினியைக் குழாயடிக்கு இழுத்துப்போய், சோப்புப் போட்டு, கால் மணி நேரம் கையைக் கழுவிவிட்டேன். உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார் டாக்டர். கிளினிக்கிலேயே தனியாக அடைத்து வைத்த பிஸ்கட் மறுநாள் இறந்துவிட்டது; நாங்களே புதைத்தோம்.

பூஸ்டர் போட்டிருந்தால் நிச்சயம் பிழைத்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். எனக்காகச் சொன்னார் என்று தெரியும். முந்தின நாள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவில் ஏறுவதற்கு முன் செல்வி ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து அந்த அட்டையை எடுத்து என்னிடம் கொடுத்தார். மூன்று வருடம் பத்திரமாக வைத்திருக்கிறார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நீங்கதானேக்கா கடைசி ஊசின்னு சொன்னீங்க. அதான் நாங்க வர்ல."

நாலாவது தடவை

தர்ஷினிக்கு அரசு ஆஸ்பத்திரியில் முதல் நாள் காயத்தைச் சுற்றியும் ஊசி போட்டார்கள், கையிலும் போட்டார்கள். பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். டாக்டரிடம் சொல்லிவிட்டு ஒவ்வொரு தடவையும் நானும் போனேன். போய் ஒன்றும் செய்யவில்லை, வரிசையில் அவர்களோடு நின்றேன், அவ்வளவுதான். செல்வி என்னை வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. தர்ஷினி மட்டும் ஒருதரம், பிஸ்கட்டை எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

இருபத்தெட்டாம் நாள் ஊசி ஏறியதும் குழந்தை உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். அங்கிருந்த நர்சம்மா நல்ல மனுஷி. அவள் கன்னத்தைத் தட்டி, "அழாத பாப்பா, இதுதான் கடைசி ஊசி" என்றார். அப்படியே என் வார்த்தை. செல்வி நர்சைப் பார்க்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குத் தலை நிமிரவில்லை. பிறகு நர்சிடம், மூன்று வருடத்துக்கு முன்னால் என்னிடம் கேட்டிருக்க வேண்டியதை, நான் கேட்காமலே சொல்லியிருக்க வேண்டியதை, நிதானமாகக் கேட்டார்: "கடைசின்னா எந்தக் கடைசிங்க? தெளிவா சொல்லிடுங்க."

ஊரில் உள்ள நாய்களுக்கெல்லாம் தேதி பார்த்து ஞாபகப்படுத்துகிற எனக்கு, என் வாய்க்கும் வருடத்துக்கு ஒரு பூஸ்டர் தேவை என்று எந்த அட்டையிலும் யாரும் எழுதித் தரவில்லை.