நான் கழுவி அழித்த பதினொரு பெயர்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதம். ரொறன்ரோவில் அந்த மாதத்தில் யாரும் எதையும் விரும்பிச் செய்வதில்லை. நானும் அப்படித்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ரெக்ஸ்டேலில் இருந்து இரண்டு பஸ் மாறி, பனிக்குள் கால் புதையப் புதைய நடந்து, ஒரு நாளைக்கு ஐந்து வீடு. வயது போனவர்களைக் கழுவித் துடைத்து, உடுப்பு மாற்றி, கட்டிலை விரித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவது என் தொழில். என் வீட்டுக்கு வந்தால் சமையல் காத்திருக்கும். வயது ஐம்பத்திரண்டு. என் முதுகைக் கேட்டால் எழுபது என்று சொல்லும்.

அந்த ஐந்தில் மூன்றாவது வீடு ஒரு இத்தாலியத் தம்பதியுடையது. பெரியவருக்கு எண்பத்து நாலு வயது. இந்த நகரத்தில் நாற்பது வருடம் கொங்கிரீட் போட்டவர். இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முன் அறையில் கட்டில், பக்கத்தில் ஒட்சிசன். மனைவிக்கு முழங்கால் ஏலாது, வோக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். பெரியவர் அதிகம் பேசமாட்டார். உண்மையைச் சொன்னால் அதனாலேயே அந்த வீடு எனக்குப் பிடிக்கும். பேச்சுக் கேட்கவும் தென்பு வேண்டுமே.

கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒரு பெரிய படம். பதினொரு பேர், பின்னால் ஒரு வரிசை நிற்க, முன்னால் ஒரு வரிசை குந்தியிருக்கும். உதைபந்தாட்டக்காரர்கள் என்று மட்டும் தெரியும். இரண்டு நாளைக்கு ஒருக்கால் தூசு துடைப்பேன். யார் இவர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு வியாழக்கிழமை அந்த அம்மா அலுமாரியில் இருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துத் தந்தார். உள்ளே ஒரு பழைய வெள்ளை ஜேர்சி. ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் வருகிறார், படம் எடுப்பார்கள், பெரியவர் இதைத்தான் போட வேண்டுமென்கிறார், கொஞ்சம் அயன் பண்ணித் தரமுடியுமா என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, கடைசியில் பெட்டிக்குள் வைக்கும்போதும் இதுதான், அவரே சொல்லி வைத்திருக்கிறார் என்றார்.

நான் பையைத் திறந்து பார்த்தேன். பூச்சி உருண்டை மணம். கழுத்தில் மஞ்சள் படிந்திருந்தது. நெஞ்சிலும் வயிற்றிலும் கறுப்பு மார்க்கரால் சுழித்துச் சுழித்து ஒரே கிறுக்கல். பேரப்பிள்ளைகளின் வேலை என்று நினைத்தேன். எங்கள் வழக்கத்தில், போகிற மனிதரைக் குளிப்பாட்டிக் கோடி உடுத்தித்தான் அனுப்புவோம். கறை பிடித்த துணியோடு ஒருவரை அனுப்புவதா? அந்த மனிசிக்குக் குனிய முடியாது, நான்தான் செய்ய வேண்டும் என்று எனக்கு நானே ஒரு கடமையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டேன்.

பேஸ்மென்டில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. என் பைக்குள் எப்போதும் ஒரு போத்தல் சானிடைசர் இருக்கும். மார்க்கர் மைக்கு அதைப் போல ஒன்றுமில்லை. ஊற்றி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். மிச்சத்துக்குத் தேசிக்காயும் உப்பும். பிறகு சவர்க்காரம். என் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பில் ஒரு கறையைத் தங்கவிட்டவள் இல்லை நான். இல்லாத நேரத்தில் அரை மணித்தியாலம் எடுத்து, சுடுகாற்று வரும் இடத்தில் காயவைத்து, அயன் பண்ணி, ஹாங்கரில் தொங்கவிட்டுக் கூப்பிட்டேன். பாராட்டுக் கிடைக்கும் என்று நின்றேன். அதை நினைத்தால்தான் இப்போதும் கூசுகிறது.

அந்த அம்மா சட்டையைத் தொட்டுப் பார்த்தார். திருப்பி முதுகுப் பக்கம் பார்த்தார். திரும்பவும் முன்பக்கம். பிறகு குசினிக் கதிரையில் மெதுவாக இருந்தார். ஏசவில்லை. அவர்களெல்லாம் எங்கே என்று மட்டும் கேட்டார். எனக்கு விளங்கவில்லை. முன் அறைச் சுவரில் இருந்த படத்தைக் கையால் காட்டினார். அந்தக் கிறுக்கல் அவர்களுடைய கையெழுத்து என்று அப்போதுதான் விளங்கியது.

அவர் சொல்லித்தான் மிச்சம் தெரியும். அது இத்தாலியில் பெரியவரின் மனதுக்குப் பிடித்த உதைபந்துக் கழகம். ஒரு காலத்தில் சில வருடங்கள் அவர்களை யாராலும் வெல்ல முடியவில்லையாம். உள்ளூர்க் கிண்ணம், ஐரோப்பியக் கிண்ணம், எது வைத்தாலும் தூக்கிக்கொண்டு போனார்களாம். பெரியவர் கனடா வந்து முப்பது வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் ஊர் போனார், தாயின் செத்தவீட்டுக்கு. அடக்கம் முடிந்த கையோடு ரயில் ஏறிப் போய், அந்தக் கழகம் பயிற்சி எடுக்கும் மைதானத்தின் கேற்றில் மூன்று நாள் நின்றிருக்கிறார். மூன்றாம் நாள் காரை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொருவராகக் கையெழுத்து வைத்தார்கள். பதினொரு பேரும். அன்றிலிருந்து அந்தச் சட்டையில் தண்ணீர் பட்டதில்லை.

அவருக்குச் சொல்லாதே என்று அந்த அம்மா என் கையைப் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை கழுத்துவரை போர்வையால் மூடிவிடலாம் என்றார்.

அன்று வீட்டில் சொன்னேன். கணவர் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்து நிமிரவில்லை. "நீர் ஏன் உதுக்குள்ள கை வச்சனீர்? அயன் பண்ணச் சொன்னா அயன் பண்ணிக் குடுத்திட்டு வாறதுதானே" என்றார்.

மகள் இங்கே பிறந்தவள். "அம்மா, அது ஓட்டோகிராஃப். லைக், நீங்க அதில சானிடைசர் போட்டுத் தேய்ச்சனீங்களா? ஓ மை கோட், அம்மா!"

என்னை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சிக்குப் போன் அடித்து வீட்டை மாற்றித் தரச்சொல்லிக் கேட்கலாம் என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன். போகாவிட்டால் அவரை யார் கழுவுவது என்ற நல்லெண்ணமெல்லாம் எனக்கு வரவில்லை. நான் செய்த வேலைக்கு அந்த மனிசி சாகக் கிடக்கும் புருஷனிடம் பொய் சொல்ல வேண்டுமே என்பதுதான் உறுத்தியது. போனை வைத்துவிட்டுப் படுத்தேன். நித்திரை வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவருடைய கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். என் உடைந்த இங்கிலீஸில், நான்தான் கழுவினேன், எல்லாம் போய்விட்டது, பிழை என்னுடையது, உங்கள் மனைவி ஒன்றும் செய்யவில்லை என்றேன். கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்து மடியில் வைத்தேன். நெஞ்சுப் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று தன்னைக் கழுவ விடவில்லை. கட்டில் விரிப்பைக்கூட மாற்ற விடவில்லை. பஸ்ஸில் இருந்து அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் கண்ணைத் துடைக்க ஒரு ரிஷு நீட்டினாள்.

சனிக்கிழமையும் எனக்கு அந்த வீடு இருந்தது. போனபோது பெரியவர் தலையணையை முண்டு கொடுத்து நிமிர்ந்து இருந்தார். சட்டை மடியில் கிடந்தது. என்னைக் கண்டதும் எழுது என்றார். சட்டையின் இடது தோளுக்குக் கீழே விரலை வைத்து ஒரு பெயரைச் சொன்னார். விளங்கவில்லை. திரும்பச் சொன்னார். கையில் இருந்த வேலைத்தாளைப் பிரட்டி அதன் முதுகில் எழுதினேன். அந்தப் பெயர்களை இங்கிலீஸில் எழுத்துக் கூட்ட எனக்கு வராது. காதில் விழுந்ததை விழுந்தபடி தமிழில் எழுதினேன்.

முதலில் கோல் காப்பவர். அவர் சிரித்து யாரும் கண்டதில்லையாம். அடுத்தவரைத் தாண்டி ஒரு பந்து போகாதாம். இன்னொருவர் ஆள் கட்டை, ஆனால் பந்து அவர் காலுக்கு வந்துவிட்டால் பறிக்க ஒருவராலும் முடியாதாம். ஒரு பெயர் சொல்வார், மூச்சு வாங்குவார், பிறகு அடுத்தது. இடையிடையே அந்தக் காலத்தையும் சொன்னார். ஞாயிறு காலை இங்கே கோப்பிக் கடையில் ரேடியோவைச் சுற்றி ஐம்பது ஆம்பிளைகள் மூச்சுக் காட்டாமல் நிற்பார்களாம். கழகம் வென்றுவிட்டால் திங்கட்கிழமை கொங்கிரீட் பாரமே தெரியாதாம். வேலைத்தளத்தில் தன்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாத மேற்பார்வையாளன், அந்த வருடங்களில் வந்து, உங்கள் ஆட்கள் வென்றுவிட்டார்களாமே என்று கேட்டானாம். உங்கள் ஆட்கள் என்பதை அவர் இரண்டு தடவை சொன்னார். எங்கள் ஆட்களைப் பற்றி இந்த ஊரில் யாராவது கேட்டால், அது நாங்கள் இழந்ததைப் பற்றித்தான் இருக்கும். வென்றுவிட்டீர்களாமே என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை.

பதினொன்றும் முடிந்ததும் தாளை வாங்கிப் பார்த்தார். நேராகப் பிடித்தார், தலைகீழாகப் பிடித்தார். இது என்ன என்றார். என்னுடைய பாஷை என்றேன். இதில் கப்டன் யார் என்று கேட்டார். தொட்டுக் காட்டினேன். நான் அந்த வீட்டுக்குப் போய்வந்த மூன்று மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அடங்கியதும், மார்க்கர் கொண்டுவா என்று மனைவியைக் கூப்பிட்டார்.

நான் மாட்டேன் என்றேன். ஒருக்கால் பழுதாக்கியது போதும், இத்தாலியன் எழுதத் தெரிந்த யாரையாவது கூப்பிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் விடவில்லை. அவர்கள் வைத்த கையெழுத்தையும் ஒருவராலும் வாசிக்க முடிந்ததில்லை, எது யாருடையது என்று எனக்கு மட்டும்தான் தெரியும், இப்போது உனக்கும் தெரியும், எழுது என்றார்.

அவர் விரல் வைத்த வைத்த இடத்தில் எழுதினேன். கப்டனின் பெயர் கொஞ்சம் சரிந்துவிட்டது. அடுத்த வீட்டுக்குப் பிந்துகிறது என்று ஏஜென்சியில் இருந்து இரண்டு தடவை போன் வந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் நான் போனை எடுக்காமல் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சட்டையோடுதான் படம் எடுத்தார்கள். போர்வை இடுப்பில்தான் கிடந்ததாம். அடுத்த கிழமை அவர் போய்விட்டார்.

பார்வைக்கு வைத்திருந்த அன்று, இரண்டு வீட்டு வேலைக்கு நடுவில், யூனிபோர்முக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். பின்னால் நின்று பார்த்துவிட்டு ஓடிவிடலாம் என்று எண்ணம். பெட்டியைச் சுற்றி ஆறேழு கிழவர்கள் நின்றார்கள், கோப்பிக் கடைக் கூட்டாளிகள். குனிந்து குனிந்து சட்டையைப் பார்ப்பதும் ஒருவரை ஒருவர் கேட்பதுமாக இருந்தார்கள். அந்த அம்மா என்னைக் கண்டுவிட்டார். இவள்தான் எழுதினவள் என்று கையைப் பிடித்து முன்னுக்குக் கொண்டுபோய் விட்டார். அழித்தவளும் இவள்தான் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

ஒரு கிழவர் வாசிக்கச் சொன்னார். பெட்டிக்குள் கிடந்த மனிதரின் நெஞ்சைப் பார்த்து, எங்கள் எழுத்தில் இருந்த அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். முதல் இரண்டுக்கும் சும்மா நின்றார்கள். மூன்றாவது பெயரை எனக்குப் பின்னால் யாரோ திருப்பிச் சொன்னார். ஐந்தாவதுக்கு எல்லாரும் சொன்னார்கள். கடைசி இரண்டு பெயரையும் நான் வாய் திறக்க முதலே அவர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள். அழுதுகொண்டு சொன்னார்கள். நானும் அழுதேன். பிறகு கோட்டைப் பூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அடுத்த வீட்டில் ஒரு மனிசி குளிக்கக் காத்திருந்தார்.

எனக்கு இன்றைக்கும் உதைபந்தாட்டம் விளங்காது. களைப்பும் குறையவில்லை, வீடுகள் ஐந்து ஆறாகிவிட்டன. ஆனால் யாருடைய துணியையும் தண்ணீரில் போட முதல் இது என்ன என்று கேட்கிறேன். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையைக் கேட்கக்கூடக் களைத்திருந்தேன், அவ்வளவுதான் நடந்தது. மன்னித்தேன் என்று அவர் ஒரு நாளும் என்னிடம் சொல்லவில்லை. அழித்த கையாலேயே எழுத விட்டார், அப்படி ஒரு மன்னிப்பை இந்த வயதுவரை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.